வக்கீலும் புரோகிதரும்

(கிளைக் கூட்டமொன்றில் நாம் பேசியதின் சாரம்)



வக்கீல் தொழிலைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். நாம் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவரல்ல. பள்ளிக்கூடத்திலேயே அதிக நாள் இருந்தவரல்ல. ஆனாலும் கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் காத்துக் கிடக்கும் ஜனங்களோடு பல காலம் பழகியவர் என்கின்ற முறையில் நமக்குப் பட்டதைச் சொல்லுகிறோம். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு குடியானவர் தம் தம்பியோடு ஒரு வாய்க்கால் தகராறில் பிராது போட்டார். வாய்தாவுக்கு வாய்தா குமாஸ்தாவிடம் பணம் கட்டிவந்தார். இரண்டு கறவை மாடுகளும் அப்படியே போய்விட்டன. “என்ன பெரியவரே, கேஸ் எந்த மட்டில் இருக்கிறது?” என்று ஒரு நாள் கேட்டோம். “எனக்கென்ன தெரியும் ஐயா, வக்கீல் ஐயா பார்த்துக்கொள்ளுவார். துருவிக் கேட்டால் கோபித்துக்கொள்ளுவார்” என்றார். அவருடைய பேரன் தன் கைப்பேசியில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்த பின்புதான் சங்கதி வெளியாயிற்று. வாதி தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்று அந்தப் பிராது 3 வருஷத்திற்கு முன்பே தள்ளுபடியாகிவிட்டது! அதை மீண்டும் எடுத்துக்கொள்ளும்படி 30 நாளைக்குள் மனுப் போட்டிருக்க வேண்டும். 30 நாள் எங்கே, 3 வருஷம் எங்கே? இல்லாத வழக்குக்கு 3 வருஷம் வாய்தாப் பணம் கட்டியிருக்கிறார் அந்த மனிதர்.

தோழர்களே! இதில் குற்றவாளி யார்? ஏமாற்றினவன் குற்றவாளிதான், சந்தேகமில்லை. ஆனால் ஏமாற்றுவதற்கு இடங்கொடுத்தது எது? “கேட்டால் கோபித்துக்கொள்ளுவார்” என்கிற பயம்தானே? இந்தப் பயம் எங்கே படித்த பாடம்? கோவிலில் படித்த பாடமல்லவா?

புரோகிதர் புரியாத பாஷையில் மந்திரம் சொல்லுகிறார். நாம் கைகட்டி நிற்கிறோம். அர்த்தம் கேட்டால் பாவம் என்கிறார்கள். வக்கீல் புரியாத பாஷையில் மனு எழுதுகிறார். நாம் கைநாட்டு வைக்கிறோம். அர்த்தம் கேட்டால் மரியாதைக் குறைவு என்கிறார்கள். அங்கே பூணூல், இங்கே கருப்பு அங்கி. அங்கே தட்சணை, இங்கே பீஸ். நீதிபதியைப் “பிரபுவே” என்று அர்த்தப்படும்படி ஆங்கிலத்தில் கூப்பிடும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்து மிச்சம், கீழ்க் கோர்ட்டுகளில் “ஐயா” என்றாலே போதும் என்று அகில இந்திய பார் கவுன்சிலே 2006-இல் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் பழைய மந்திரத்தை விட மனமில்லாதவர் பலர்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. புரோகிதர் வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லும் மோட்சம் பொய். வக்கீல் வாங்கிக் கொடுக்கக்கூடிய நியாயம் உண்மையாகவே இருக்கிறது. டாக்டர் அம்பேத்கரும் வக்கீல்தான். அந்தச் சட்டப் படிப்புதான் கோடிக்கணக்கான ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஆயுதமாயிற்று. இன்றைக்கும் ஏழைகளுக்காகக் கூலி வாங்காமல் வாதாடும் வக்கீல்கள் இருக்கிறார்கள். ஆகவே வக்கீலே வேண்டாம் என்பது நம் பேச்சல்ல. வக்கீலைக் கும்பிடாதே, கேள்வி கேள் என்பதே நம் பேச்சு.

என்ன கேட்பது என்பீர்கள். சொல்லுகிறோம், கவனியுங்கள்.

வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கு எண்ணையும் அடுத்த வாய்தா தேதியையும் எழுதி வாங்குங்கள். அது இருந்தால் வழக்கின் நிலைமையை இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். கொடுத்த பணத்திற்குக் கணக்குக் கேளுங்கள். கட்சிக்காரன் கேட்டால் கணக்குக் காட்டவேண்டுமென்பது வக்கீல்களின் நடத்தை விதி. “நஷ்டஈடு வந்தால் பாதி எனக்கு” என்று பேரம் பேசுகிறார்களே, அதுவும் அந்த விதிக்கு விரோதம். பீஸ் பாக்கி என்று சொல்லி உங்கள் கட்டைத் திருப்பிக் கொடுக்காமல் பிடித்துவைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2000-த்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மோசம் செய்தவர்மீது மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டப்படி அவரைக் கண்டிக்கலாம், தொழில் செய்யாமல் நிறுத்திவைக்கலாம், பெயரையே பட்டியலிலிருந்து நீக்கவும் செய்யலாம்.

பணமில்லாதவர் என்ன செய்வது? 1987-இல் இயற்றி 1995-இல் அமுலுக்கு வந்த சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், ஆலைத் தொழிலாளர், சிறையில் இருப்பவர் முதலானவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கவேண்டும். மாவட்டத்திலும் தாலுக்காவிலும் இதற்கென்றே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அண்ணன் தம்பி தகராறை அங்குள்ள மக்கள் நீதிமன்றத்தில் ராஜியாகத் தீர்த்துக்கொண்டால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம்கூடத் திரும்பி வரும். அப்படி முடிந்ததன்மேல் அப்பீல் கிடையாது. நம் பெரியவருக்கு இது தெரிந்திருந்தால் மாடுகள் இரண்டும் இன்று கொட்டிலில் நின்றிருக்குமே!

நம் பேரிலும் குற்றம் உண்டு. ஒரு முழ வரப்புக்காக ஓர் ஏக்கரை விற்று வழக்காடுவதைக் கௌரவம் என்று நினைக்கிறோம். வக்கீல் சொல்லிக்கொடுத்த பொய்யைக் கடவுள் பேரால் சத்தியம் செய்து சொல்லுகிறோம். கடவுள் வந்து எந்தப் பொய்ச்சாட்சியின் நாக்கையாவது அறுத்ததுண்டா? கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கடவுள் பேரைச் சொல்லாமலே, மனப்பூர்வமாக உறுதி கூறிச் சாட்சி சொல்லலாம் என்று 1969-ஆம் வருஷத்துப் பிரமாணச் சட்டம் இடங்கொடுக்கிறது. நம் தோழர்கள் அப்படியே உறுதி கூறி, சொன்ன சொல்லில் நிற்கவேண்டும்.

இனி பாஷை விஷயம். கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருப்பதற்காக நம் மாநிலத்தில் 1976-லேயே சட்டம் திருத்தியாயிற்று. ஹைக்கோர்ட்டிலும் தமிழ் வேண்டுமென்று 2006-இல் சட்டசபை தீர்மானம் போட்டது, டில்லி இணங்கவில்லை. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஹைக்கோர்ட்டுகளில் இந்திக்கு இடமுண்டு. இந்திக்கு ஒரு நியாயம், தமிழுக்கு வேறொரு நியாயமா என்று நாம் கேட்கிறோம். தன் சொத்தைப் பற்றியும் தன் கழுத்தைப் பற்றியும் பேசுகிற பேச்சு தனக்கே விளங்காதென்றால் அது விசாரணையா, திவசமா?

கடைசியாக ஒன்று. நம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை ஹைக்கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. புரோகிதரையும் மந்திரத்தையும் விட்டுவிட்டு மணம் முடித்த ஆயிரக்கணக்கான பெண்கள் சட்டத்தின் கண்ணுக்கு மனைவியராக இல்லாமற்போனார்கள். நாம் பயந்து மறுபடியும் புரோகிதரைத் தேடி ஓடினோமா? இல்லை. 1967-இல் அண்ணா அரசாங்கம் சட்டத்தைத் திருத்திற்று. முன்பு நடந்த மணங்களும் செல்லுபடியாயின. அந்தச் சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. மணமக்கள் தங்கள் இருவருக்கும் விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும் என்பது அதன் கருத்து.

விளங்கும் மொழியில்! தோழர்களே, நாம் கேட்பது அவ்வளவுதான். திருமணத்திற்கு அதைப் பெற்றுவிட்டோம்; கோர்ட்டுக்கு இன்னும் பெறவில்லை. சட்டம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதன் எழுதியது, மனிதன் திருத்துவது. ஆகவே அடுத்த தடவை வக்கீல் வீட்டு வாசற்படி ஏறும்போது துண்டை இடுப்பில் கட்டாதீர்கள், தோளிலேயே இருக்கட்டும். “ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது? எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள்” என்று கேளுங்கள். நல்ல வக்கீல் சந்தோஷமாகச் சொல்லுவார். கோபித்துக்கொள்ளுகிறவரிடம் உங்கள் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். அது உங்கள் உரிமை என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.