பெயர் எழுதி வைத்தோமா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



திருப்பூரில் நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலருக்குச் சொந்த வீடு இல்லை, நிலம் இல்லை. அப்பா பவர் டேபிளில், அம்மா செக்கிங்கில். "உயில் எழுத எங்ககிட்ட என்ன சார் சொத்து இருக்கு?" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு தாய் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும்வரை.

அவர் மகள் என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி. பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த அவள் அப்பா மாரடைப்பில் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வாடகை பாக்கி. மகளைக் கைமடி வேலைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். "அவருக்கு பி.எப். பிடித்தார்களா அம்மா?" என்று கேட்டேன்.

"பிடிச்சாங்க சார். ஆனா நாமினி அவரோட பெரியப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது. பணம் அவருக்குத்தானே போகும்?"

அந்த எண்ணத்தில் ஐந்து மாதமாக அவர் யாரிடமும் கேட்கவே இல்லை.

விசாரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. குடும்பம் இல்லாதபோது வேறொருவர் பெயரில் எழுதிய பி.எப். நியமனம், குடும்பம் ஏற்பட்டவுடன் செல்லாது. பணம் குடும்பத்துக்கே உரியது. அது மட்டுமல்ல. 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில் மனைவிக்கும், 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் மாதந்தோறும் ஓய்வூதியம் உண்டு. பணியில் இருக்கும்போது இறந்தால் காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்குத் தொழிலாளியிடம் ஒரு பைசாவும் பிடிப்பதில்லை.

பி.எப்.க்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐஎப். இவற்றோடு வாரிசுச் சான்றிதழ். ஆதாரில் ஒரு பெயர், பி.எப்.பில் வேறு இனிஷியல். அதைச் சரிசெய்யவே மாதங்கள் ஓடின. உயிரோடு இருந்தபோது அவரே செய்திருந்தால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும் வேலை. நல்லவேளை, அதற்குள் மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் அந்தத் தாய் பொறுத்திருந்தார். மகள் பத்தாம் வகுப்பு எழுதினாள்.

வங்கிக் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர். அதனால் மற்ற வாரிசுகளின் உரிமை போய்விடாது. யாருக்கு எது என்று தீர்மானிப்பது உயில். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. தெளிந்த மனநிலையில் வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அந்தச் சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், அவருடைய சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் பங்கு உண்டு. கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989இலேயே தந்துவிட்டது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. இதையும் நம் மாணவிகளின் வீட்டில் சொல்ல வேண்டும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பெற்றோரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். உங்கள் பி.எப். எண் வீட்டில் யாருக்காவது தெரியுமா? கல்யாணத்துக்குப் பிறகு நாமினியை மாற்றினீர்களா? ஆதாரிலும் பி.எப்.பிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? யு.ஏ.என். எண்ணும் ஆதாரோடு இணைந்த செல்போனும் இருந்தால் நியமனத்தை இணையத்திலேயே பதியலாம். நம் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினி அதற்குப் போதும்.

கடைசியாக ஒன்று. அந்தத் தாய்க்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த வாரம் என் பணிப்பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நாமினி இடத்தில் என் அப்பா பெயர் இருந்தது. அவர் காலமாகி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மறுநாளே மாற்றக் கொடுத்தேன்.

இன்று பள்ளிக்குத் திரும்பியதும் உங்கள் பணிப்பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.