பள்ளியில் வாழாத சொல் நாட்டில் வாழாது



பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்த சில நாள்களில் தமிழகத்து அரசு மேனிலைப்பள்ளிகளின் வாயிலில் பெற்றோர் கூட்டம் கூடுகின்றது. பதினொன்றாம் வகுப்பிற் சேர வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு வினாக்கள் கேட்கப்பெறுகின்றன. "எந்தப் பாடப்பிரிவு?" என்பது முதல் வினா. இருவழியும் உள்ள பள்ளியாயின், "தமிழ்வழியா, ஆங்கிலவழியா?" என்பது இரண்டாம் வினா. முதல் வினாவிற்கு விடை காணக் குடும்பமே பல நாள் கூடிப் பேசியிருக்கும். உற்றார் உறவினரைக் கேட்டிருக்கும். மதிப்பெண்ணைப் பலமுறை கூட்டிப் பார்த்திருக்கும். இரண்டாம் வினாவிற்கோ பெரும்பாலும் நின்ற நிலையிலேயே விடை சொல்லப்படுகின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வழியோ அவ்வழி! ஒரு பிள்ளை இரண்டாண்டுக் காலம் எம்மொழியில் எண்ணப்போகின்றது, எம்மொழியில் ஐயம் கேட்கப்போகின்றது என்பதை முடிவு செய்ய ஒரு நொடி போதும் என்றால், அந்நிலை எவ்வாறு வந்தது? அதனை மாற்றப் பள்ளிக்குள்ளேயே செய்யத்தக்கது யாது? இவ்வுரையின் பொருள் இவ்வளவே.

மேனிலைக் கல்வி தோன்றிய வகையை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முன்னாளில் பள்ளியிறுதி வகுப்பை முடித்தோர் கல்லூரிக்குச் சென்று ஓராண்டு புகுமுக வகுப்பிற் பயின்றனர். 1978-ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாகப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளிகளிலேயே தொடங்கப்பெற்றன. அவற்றின் முதல் அரசுத் தேர்வு 1980-இல் நடந்தது. நகரத்துக் கல்லூரி வாயிலை மிதிக்க இயலாத சிற்றூர்ப் பிள்ளைக்கு, அக்கல்லூரியின் முதற்படி அருகிலுள்ள ஊர்ப் பள்ளிக்கே இறங்கி வந்தது. உழவர் வீட்டுப் பெண்பிள்ளைகள் பலர் பன்னிரண்டாம் வகுப்பைக் காண முடிந்தது இம்மாற்றத்தின் பயனே.

அங்குப் பயிலும் பாடங்களும் பலவாம். தமிழும் ஆங்கிலமும் மொழிப்பாடங்கள். அவற்றொடு நான்கு பாடங்கள் சேரும். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் என்பது ஒரு பிரிவு. உயிரியலின் இடத்தில் கணிப்பொறி அறிவியல் நிற்பது மற்றொன்று. வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் என்பன சேர்ந்தது வேறொன்று. வரலாறும் புவியியலும் உண்டு. இலக்கியத்தில் ஆழ விழைவார்க்குச் சிறப்புத் தமிழ் உண்டு. வேளாண்மை, மின்பொறியியல், நெசவு, செவிலியம் எனக் கைத்தொழில் கற்பிக்கும் தொழிற்கல்விப் பிரிவும் உண்டு. எல்லாப் பள்ளிகளிலும் எல்லாம் இல்லையெனினும், உழைக்கும் மக்களின் பிள்ளைகட்கு இத்துணை வாயில்களைத் திறந்து வைத்திருப்பது அரசு மேனிலைப்பள்ளியே.

பிள்ளையை அவ்வாயில் வரை கொண்டுவரும் பணியிலும் தமிழகம் பின்தங்கவில்லை. 1982-இல் விரிவாக்கம் பெற்ற சத்துணவுத் திட்டம் பசியைத் தணித்தது. கட்டணமில்லாப் பேருந்துச் சீட்டும் விலையில்லா மிதிவண்டியும் தொலைவைக் குறைத்தன. 2010-இல் தொடங்கிய சமச்சீர்க் கல்வி, நான்கு வகையாய்ப் பிரிந்து கிடந்த பாடத்திட்டங்களைப் பொதுமைப்படுத்தியது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்கும் சட்டம், 2006-07-இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. இவை யாவும் போற்றத்தக்கன.

ஆயினும் தமிழ் ஒரு பாடமாக இருப்பது வேறு. தமிழே பாடங்களைத் தாங்கும் மொழியாக இருப்பது வேறு. பாடமாக மட்டும் இருக்கும் மொழி, நாளொன்றுக்கு ஒரு பாடவேளை மட்டும் வாழ்கின்றது. பயிற்றுமொழியாக இருக்கும் மொழியோ மணியடித்தது முதல் மணியடிக்கும் வரை வாழ்கின்றது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பெற்றுப் பெருகின. அவை தொடங்கிய பள்ளிகளில், அதுவரை எல்லார்க்கும் பொதுவாயிருந்த தமிழ்வழி இரண்டனுள் ஒன்றாயிற்று. இரண்டனுள் ஒன்றானது எளியோர்க்குரியது எனும் பெயர் பெறுதற்கு நெடுங்காலம் ஆவதில்லை.

"அறிவியலைச் சொல்லத் தமிழிற் சொல் ஏது?" என்று கேட்பார் இன்றும் உளர். இது வரலாறறியாதார் கூற்று. 1916-இலேயே அறிவியற் சொற்களை ஆக்குதற்கெனச் சேலத்தில் ஒரு கழகம் கண்டனர். அதனைக் கண்டோருள் இராசகோபாலாச்சாரியாரும் ஒருவர். 1934-இல் நெல்லையில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், அறிஞர் பலரைக் கூட்டித் துறைதோறும் சொல் ஆய்ந்து, 1938-இல் கலைச்சொற்கள் எனும் தொகுப்பினை வெளியிட்டது. 1970-இல் தோன்றிய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் பள்ளி நூல்களைத் தமிழில் ஆண்டுதோறும் அச்சிட்டு வருகின்றது. நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு இது. இன்று மேனிலை வகுப்பின் இயற்பியல் நூலையோ உயிரியல் நூலையோ விரித்துப் பார்ப்பவர், சொல் இல்லை என்று சொல்ல நாணுவர்.

அச்சொற்களின் இயல்பையும் எண்ணிப் பாருங்கள். முடுக்கம் என்பது ஒரு சொல். ஏரோட்டும் உழவன் மாட்டை முடுக்குகின்றான்; மாடு விரைகின்றது. விரைவு மாறும் வீதமே முடுக்கம் என்றால், உழவன் பிள்ளைக்குப் பாதிப் பாடம் அச்சொல்லிலேயே விளங்கிவிடும். சவ்வூடுபரவல் என்பது மற்றொரு சொல். சவ்வு, ஊடு, பரவல் எனப் பிரித்து எழுதினாலே நிகழ்ச்சி கண்முன் நிற்கின்றது. ஒளிவிலகல், மின்தடை, உந்தம், வினையூக்கி, ஒளிச்சேர்க்கை என்று இவ்வாறே அடுக்கிக்கொண்டு போகலாம். ஆங்கிலவழி மாணவன் முதலிற் சொல்லை மனப்பாடம் செய்து, பின்னர் அதன் விளக்கத்தையும் மனப்பாடம் செய்கின்றான். தமிழ்வழி மாணவனுக்கோ சொல்லே விளக்கத்தின் வாயிலாகின்றது. இத்துணைப் பெரிய நலம் கையில் இருந்தும் அது பயன்படாமற் போவதேன்?

சொல் நூலில் இருக்கின்றது; பள்ளியின் வாயில் இல்லை. நோயின் வேர் இதுவே.

தமிழ்வழி வகுப்பின் ஒருநாளைக் கூர்ந்து நோக்குவார்க்கு இது விளங்கும். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிக்கின்றது. அது முடிந்த மறுநொடி, "அட்டென்சன்!" என்னும் ஏவல் எழுகின்றது. மாணவன் "பிரசன்ட் சார்" என்று வருகையைச் சொல்கின்றான். இயற்பியல் வகுப்பில் நூலில் முடுக்கம் என்று அச்சாகியிருக்க, "ஆக்சலரேசன்னா என்ன?" என்று வினவப்படுகின்றது. "பிராக்டிகல் ரெக்கார்டு முடிச்சாச்சா?" என்று செய்முறைக் குறிப்பேடு கேட்கப்படுகின்றது. ஆய்வகத்துக் குப்பிகளின் ஒட்டுத்தாள்களில் ஒரு தமிழெழுத்தையும் காண்பதற்கில்லை. ஆடுகளத்திற் சென்றால் பந்து தமிழாய் உருள்வதில்லை. மாலையில் தேர்வுக்கு எழுதிப் பார்க்கும்போது மட்டும் அப்பிள்ளை தமிழ்ச் சொல்லைத் தேடுகின்றது.

கேட்பது ஒன்று, எழுதுவது மற்றொன்று. இதனால் அப்பிள்ளை ஒரே பாடத்தை இருமுறை கற்க நேர்கின்றது. கேட்ட சொல்லை விடைத்தாளில் எழுத அதற்கு உரிய வடிவம் தெரியாது. எழுதவேண்டிய சொல் வகுப்பில் வாழாமையால் நெஞ்சில் நிற்பதில்லை. முடிவில், பொருளை விட்டு வரிகளை நெட்டுருச் செய்கின்றது. பின்னர், "தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் புரிந்து படிக்கத் தெரியவில்லை" என்னும் பழியும் அதன் தலையிலேயே விழுகின்றது. வழியைச் செம்மையாக அமைக்காமல், வழிநடந்தவன் மேற் குற்றம் சுமத்துவது அறமாகுமா?

ஆங்கிலவழியை நாடும் பெற்றோரையும் பகைவராக எண்ணுதல் தகாது. தம் பிள்ளை உயரவேண்டும் என்பதே அவர்தம் விழைவு. மருத்துவமும் பொறியியலின் பெரும்பகுதியும் இன்றும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது ஒரு நற்றொடக்கமே. எனினும் பெற்றோரின் அச்சத்தைப் போக்க அது மட்டும் போதாது. அவ்வச்சத்திற்கு ஏளனம் விடையாகாது. உண்மையை எடுத்துரைப்பதே விடை.

எடுத்துரைக்க வேண்டிய உண்மைகள் சில உள. முதலாவது, தமிழ்வழி மாணவன் ஆங்கிலத்தை இழப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை அதனைத் தனிப்பாடமாகக் கற்கின்றான். அதனை நன்கு கற்பிக்க வேண்டுமென்று கேட்பது பெற்றோரின் உரிமை. இரண்டாவது, அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 2020-இல் அளிக்கப்பெற்ற 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு, அடுத்த ஆண்டிற் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் பயின்றிருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பயிற்றுமொழி அதற்குத் தடையன்று. மருத்துவ நுழைவுத் தேர்வின் வினாத்தாளும் 2017 முதல் தமிழிற் கிடைக்கின்றது.

மூன்றாவது உண்மையே பலரும் அறியாதது. தமிழ்வழியிற் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணிகளின் நேரடிப் பணியமர்த்தத்தில் நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பெற்றது. 2020-இல் அது திருத்தப்பெற்றது. அத்திருத்தத்தின்படி, பணிக்குரிய தகுதி மேனிலைக் கல்வியாயின், பள்ளியிறுதி வகுப்பும் மேனிலை வகுப்பும் தமிழ்வழியில் முடிக்கப்பெற்றிருத்தல் வேண்டும். தகுதி பட்டமாயின், அவ்விரண்டொடு பட்டமும் தமிழ்வழியில் அமைதல் வேண்டும். இதன் பொருளை எண்ணுங்கள். பத்து ஆண்டுகள் தமிழ்வழியிற் பயின்று வந்த பிள்ளை, பதினொன்றாம் வகுப்பு வாயிலில் நின்ற நிலையில் வழிமாறினால், அவ்விரு தகுதிகளுக்குரிய பணிகளில் அம்முன்னுரிமையை இழக்கின்றது. இழப்பது தெரியாமலே இழக்கின்றது! சேர்க்கை நாளில் இதனை ஒரு தாளில் எழுதிப் பள்ளி வாயிலில் ஒட்டிவைக்க எவ்வளவு செலவாகும்? தெரிந்து ஆங்கிலவழியைத் தேர்ந்தால் அது அவர் விருப்பம். தெரியாமல் தேர்வது விருப்பமன்று; வழி தவறுதல்.

இனித் தமிழாசிரியர்தம் கடமைக்கு வருவோம். அரசு செய்யவேண்டியன பலவுள. அவற்றைக் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். ஆயினும் எவர் ஆணையையும் எதிர்பாராமல் நாளையே செய்யத்தக்கனவும் உள.

முதற்பணி ஆய்வகத்தில். வேதியியல் ஆசிரியரின் இசைவோடு, ஒவ்வொரு குப்பியிலும் கருவியிலும் தமிழ்ப்பெயரைத் தெளிவாக எழுதி ஒட்டுக. எழுதும் கை மாணவர் கையாக இருக்கட்டும். கந்தகக் காடி என்பதைத் தன் கையால் எழுதிய பிள்ளை அதனை மறவாது. உடன் ஆங்கிலப் பெயரும் இருக்கட்டும். கல்லூரிக்குச் செல்லும் நாளில் அப்பெயர் அதற்கு அயலாக இராது. தமிழ் முதலில், ஆங்கிலம் துணையாக என்னும் வரிசை மாறாதிருந்தாற் போதும்.

இரண்டாம் பணி காலை வணக்கக் கூட்டத்தில். திருக்குறளும் செய்தியும் சொல்லப்படுமிடத்து, நாளொன்றுக்கு ஒரு கலைச்சொல் சொல்லப்படுக. அச்சொல் எவ்வேரினின்று பிறந்தது, எப்பாடத்தில் வழங்குவது என்று ஓர் மாணவி இரண்டு மணித்துளி உரைக்கட்டும். ஓராண்டில் ஏறக்குறைய இருநூறு வேலைநாள்கள். இருநூறு சொற்கள் பள்ளியின் காதில் விழும்.

மூன்றாம் பணி இலக்கிய மன்றத்தில். ஆண்டுதோறும் ஒரே தலைப்புகளில் ஒரே பேச்சுகள் நிகழ்வதை மாற்றுக. இயற்பியல் மாணவன் மின்னாக்கம் பற்றியும், வணிகவியல் மாணவி வைப்பகத்தின் நடைமுறை பற்றியும், வேளாண் மாணவன் மண்ணின் இயல்பு பற்றியும் தமிழிற் பேச மேடை தருக. தமிழ் பழம்பெருமை பேசுதற்குரிய மொழி மட்டுமன்று. இன்றைய தொழிலைப் பேசும் மொழி என்பதைப் பிள்ளைகள் தம் வாயாலேயே மெய்ப்பிக்கட்டும்.

நான்காம் பணி தமிழ்ப் பற்றாளரின் தன்னடக்கம் பற்றியது. ஒரு பொருளுக்கு மூன்று சொற்களைப் படைத்து, எது சிறந்தது என்று முதியோர் வழக்காடும்போது இடர்ப்படுவது மாணவனே. பிராணவாயு என்று பாட்டனார் படித்தார். உயிர்வளி என்று தமிழன்பர் வழங்கினர். இன்றைய பாடநூல் உலகப் பெயரையே ஒட்டி எழுதுகின்றது. உயிர்வளியே அழகிய சொல் என்பதில் ஐயமில்லை. எனினும் தேர்வறைக்குச் செல்லும் பிள்ளைக்குப் பாடநூற் சொல்லையும் சேர்த்தே சொல்லித் தருதல் வேண்டும். சொற்போரை அறிஞர் அவையில் நடத்துக. அதனை மாணவன் விடைத்தாளில் நடத்தற்க. ஆங்கிலச் சொல்லை வழங்கிய பிள்ளையை வகுப்பில் எள்ளி நகையாடுதலும் கூடாது. சொல்லைக் கொடுங்கள், சுடுசொல்லைக் கொடாதீர்கள். நாணிக் குறுகிய பிள்ளை தமிழை அஞ்சுமேயன்றி விரும்பாது.

அன்பர்களே! மொழியைக் காப்பது என்றால் மாநாட்டுப் பந்தலே பலர்க்கும் நினைவிற்கு வருகின்றது. பந்தலில் எழும் முழக்கம் அன்று மாலையோடு அடங்கும். பதினாறாண்டுப் பிள்ளையொன்று சோதனைக் குழாயைக் கையிலேந்தி, "இந்த வினையூக்கியைக் கூட்டினால் வினையின் விரைவு கூடுமா, ஐயா?" என்று இயல்பாகக் கேட்குமாயின், அக்கேள்வியில் மொழி அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகின்றது. மேனிலைப்பள்ளியின் தமிழ்வழி வகுப்பறையே அக்கைமாற்றம் நிகழும் இடம். அவ்வகுப்பறை வெறிச்சோடுமுன் அங்குச் செல்லுங்கள். சொற்களை நூலினின்று எடுத்துப் பிள்ளைகளின் நாவில் வையுங்கள். மற்றவற்றைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வர்.