விமான நிலைய வாசலில் விலை பேசும் வண்டிகள்

(சூக்கில் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சூக் மாநிலத்தில் பன்னாட்டு விமான நிலையம் இல்லை. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரவேற்புகளும் வழியனுப்பல்களும் பெரும்பாலும் சூரிச் மாநிலத்தின் குளோத்தனிலேயே நிகழ்கின்றன. நீண்ட பயணம் முடித்து, பெட்டிகள் நிறைந்த தள்ளுவண்டியுடன் வெளியே வரும் ஒரு முதியவரை அறிமுகமற்ற ஒருவர் அணுகி, வாகனம் வேண்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்பது உலகின் பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் வழமையான காட்சி. கேட்பவர் தமிழிலேயே கேட்டுவிட்டால் ஐயம் எழுவதற்கே இடமில்லை. அவருடைய அனுமதி எங்கே, கட்டணம் எவ்வளவு, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்ற கேள்விகள் கேட்கப்படாமலே பெட்டிகள் வண்டியில் ஏறிவிடுகின்றன.

இச்சிக்கல் தமிழர் செறிந்து வாழும் ரொறன்ரோவில் நன்கு அறியப்பட்டது. பியர்சன் விமான நிலையத்தில் அனுமதி பெற்ற ரக்சிகளும் லிமோசின்களும் உரிய கட்டணத்தைச் செலுத்தி, முறைப்படி வரிசையில் காத்திருக்கின்றன. அந்தச் சாரதிகளில் பெரும் பகுதியினர் தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்கள். அவர்கள் மணிக்கணக்காகக் காத்திருக்கும் வேளையில், அனுமதியற்ற ஒருவர் வருகை மண்டபத்தின் வாசலிலேயே பயணியை அழைத்துச் சென்றுவிடுகிறார். அவர் பறிப்பது இன்னொரு குடியேறியவரின் முறையை. 2005இல் ஒன்ராறியோ மாகாணம் தனது நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இதற்கெனவே ஒரு பிரிவைச் சேர்த்தது. அனுமதியின்றிக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் சாரதியோடு, அதற்கு இடம் கொடுக்கும் வாகன உரிமையாளரும், பயணியைப் பிடித்துக் கொடுக்கும் இடைத்தரகரும் அப்பிரிவின்படி பொறுப்பாவர். வாசலில் நின்று ஆள் பிடிப்பவர் வண்டியே ஓட்டாதவராகவும் இருப்பதுண்டு. அவரையும் சேர்த்ததே அச்சட்டத்தின் கூர்மை.

சூரிச்சில் இதே கேள்வி வேறு வழியாக வந்தது. அங்கு ரக்சி விதிகள் நெடுங்காலம் ஒவ்வொரு நகராட்சியின் கையிலும் தனித்தனியாக இருந்தன. தொழில்முறை அனுமதி இல்லாதவர்களும் தமது சொந்த வாகனத்தில் ஆள் ஏற்ற வழிசெய்த 'ஊபர்பொப்' சேவை கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 2017இல் சூரிச்சில் நிறுத்தப்பட்டது. பின்னர், ரக்சிகளையும் லிமோசின்களையும் மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவரும் யோசனையை 2020 பெப்ரவரி 9ஆம் நாள் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டனர். அச்சட்டம் 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இங்கே லிமோசின் என்றதும் திருமண ஊர்வலத்தின் நீண்ட கறுப்பு மகிழுந்தை எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை; முன்பதிவின் பேரில் கூலிக்கு ஓடும் சாதாரண வாகனத்தையும் அச்சொல் குறிக்கும். தரிப்பிடத்தில் நின்று பயணிக்காகக் காத்திருப்பது ரக்சியின் உரிமை. லிமோசினை முன்கூட்டியே அழைத்திருக்க வேண்டும். ஆகவே, பயணி வண்டியைத் தேடினாரா, வண்டி பயணியைத் தேடியதா என்பதே எல்லைக்கோடு.

பெற்றோர் இதுவரை பயணியின் பக்கமே நின்று கேட்டிருப்பர். இளையோர் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். "அண்ணா, அம்மாவை ஒருக்கா எயார்போட்டில விட்டுவிடுங்கோ" என்ற வேண்டுகோளும், அதன் முடிவில் கையில் வைக்கப்படும் பணமும் புலம்பெயர் சமூகத்தில் புதியனவல்ல. எரிபொருட் செலவைப் பகிர்ந்துகொள்வது உதவி. வாகனச் செலவையும் சாரதியின் கைச்செலவையும் தாண்டிய கட்டணம் வாங்கி, அதையே வழக்கமாகச் செய்தால், சுவிஸ் சட்டம் அதனைத் தொழிலாகவே கருதும். அதற்குச் சாதாரண சாரதி அனுமதிப்பத்திரம் போதாது. தொழில்முறையில் பயணிகளை ஏற்றுவதற்கான தனி அனுமதி பெற வேண்டும்.

காப்புறுதி இதைவிடக் கடுமையான விடயம். விபத்து நேர்ந்தால், காயமுற்றவருக்குரிய இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் வழங்கவே செய்யும். ஆனால் தனிப்பட்ட பாவனைக்கென்று பதிவான வாகனம் கூலிக்கு ஓடியது தெரியவந்தால், அத்தொகையை வாகன உரிமையாளரிடமிருந்து திரும்பக் கோர அந்நிறுவனத்துக்கு இடமுண்டு. முதுகெலும்பில் காயமுற்ற ஒருவரின் வாழ்நாள் மருத்துவச் செலவை எண்ணிப் பார்த்தால், ஒரு பயணத்தில் கிடைத்த சில பத்துப் பிராங்குகளின் பெறுமதி விளங்கும். அந்த வாகனம் பெரும்பாலும் தந்தையின் பெயரில் இருக்கிறது என்பதையும் இங்கே மறக்கலாகாது.

நள்ளிரவு வரை உணவகத்தில் வேலை செய்தவர், அதிகாலை நான்கு மணிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு குளோத்தனுக்கு விரைகிறார். தொழில்முறைச் சாரதிகளின் வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் வரையறுக்கும் கூட்டாட்சி விதிகள் 1981 முதல் இருப்பது இத்தகைய பயணங்களை எண்ணியே. தாமாக ஆள் ஏற்றுபவரின் உறக்கத்தைக் கணக்கெடுப்பார் எவருமில்லை.

விடுமுறைக்குத் தாயகம் செல்லும்போது கட்டுநாயக்காவிலும் சென்னையிலும் இதே அழைப்பு காத்திருக்கும். அங்கு வருகை மண்டபத்திலுள்ள ரக்சிக் கருமபீடத்தில் கட்டணத்தை அறிந்து, பற்றுச்சீட்டைப் பெற்ற பின்னரே வெளியே வருவது நல்லது. டெல்லியில் சுற்றுலாப் பயணிகளை மறித்து ஆள் பிடிப்பதைத் தடுக்க 2010இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

குளோத்தனில் வந்திறங்கும் உறவினருக்கு, யார் அழைத்துச் செல்ல வருவார், எந்த இடத்தில் நிற்பார், வாகனத்தின் எண் என்ன என்பதை விமானம் ஏறுமுன்பே எழுதி அனுப்பிவிடலாம். பொதி குறைவாயின், விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே தொடருந்து நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சூக்குக்கு நேரடித் தொடருந்துகளும் ஓடுகின்றன.