"அம்மா முகம் எப்படி இருக்கு, பாட்டி?"



கிள்ளானில் கொமுட்டர் ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் அவர்களில் ஒருத்திதான். போக ஏறக்குறைய ஒரு மணி நேரம், திரும்பி வர ஒரு மணி நேரம். மாலை ரயிலில் சுற்றிலும் பாருங்கள். உடல் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். விரல்கள் மட்டும் அலுவலகப் புலனக் குழுவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் வேலையிடத்தில், எல்லார் முன்னிலையிலும் மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளிருந்து என் ஏழு வயது மகளின் குரல் கேட்டது. "அம்மா முகம் இன்னைக்கு எப்படி இருக்கு, பாட்டி?"

பாட்டி சன்னல் வழியாகப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் கணிதத் தேர்வுத் தாளைக் காட்டுவதா, ஒளிப்பதா என்று அவள் முடிவு செய்வாளாம். இது பல மாதமாக நடக்கிறது என்று என் அம்மா பிறகு சொன்னார். எனக்கு மட்டும்தான் தெரியாது.

வெளியே எலி, வீட்டில் புலி! நம்மில் பலர் அப்படித்தான் இருக்கிறோம். மேலதிகாரியிடம் கோபப்பட்டால் வேலை போய்விடும். வீட்டாரிடம் கோபப்பட்டால் மன்னித்துவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் மிகவும் வேண்டியவர்களிடமே மிகவும் மோசமாக நடந்துகொள்கிறோம்.

பணிச்சோர்வு என்பது வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நீண்டகால மன அழுத்தத்தின் விளைவு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் விளக்கியது. ஆக, அது உங்கள் சோம்பலோ பலவீனமோ அல்ல. வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுதல் என்று அந்த நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் அறிவித்தன.

நம் நாட்டுச் சட்டமும் மாறியிருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வாராந்திர வேலை நேர வரம்பு 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. ஆனால், கேட்காமல் எதுவும் கிடைக்காது. நான் கேட்டேன், வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்தது.

கிள்ளான் துறைமுகத்தில் இரவு வேலை பார்க்கும் அண்ணனுக்கும், கூட்டரசு நெடுஞ்சாலையில் லோரி ஓட்டும் தம்பிக்கும் இது அவ்வளவு சுலபமல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால், காசு செலவில்லாமல் எல்லாரும் செய்யக்கூடியவை சில உண்டு.

வீட்டுக்குள் நுழையுமுன் பத்து நிமிடம் எங்கேயாவது உட்காருங்கள். நான் கிள்ளான் நிலையத்து இருக்கையில் உட்காருகிறேன். அவசரமான பதில்களை அங்கேயே எழுதி முடித்துவிடுகிறேன். வீட்டில் கைத்தொலைபேசிக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். சாப்பாட்டு மேசை அந்த இடமல்ல. நாள் சரியில்லை என்றால் மறைக்காதீர்கள். "இன்னைக்கு வேலையில கஷ்டம், உன் மேல கோபமில்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தன்மேல்தான் தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் நீண்டால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவி எண் 15555, அதற்கும் அழைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன வாரம் என் மகள் கணிதத் தாளோடு வாசலுக்கே ஓடி வந்தாள். நூற்றுக்கு 41. பாட்டியிடம் எதையும் கேட்கவில்லை. அந்த 41-ஐவிடப் பெரிய மதிப்பெண் எனக்கு யாரும் போட்டதில்லை.