பணி வாகனங்களில் கணிப்பொறி
(அரசு அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரில், தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் புறப்படும் துறை ஃபீனிக்ஸ் பே. கப்பல்களைப் பழுது பார்க்கும் தளமும் அங்கேயே அமைந்துள்ளது. துறையில் நிற்கும் கப்பலின் செலுத்தறையில் மின்னணுக் கருவிகள் பல உண்டு. துறைக்கு வெளியே சாலையில் செல்லும் காவல் வாகனங்களிலும் ஆம்புலன்சுகளிலும் அண்மைக் காலத்தில் இத்தகைய கருவிகள் இடம்பெறத் தொடங்கியுள்ளன. இரண்டின் மீதும் வீசுவது ஒரே உப்புக் காற்றுதான். ஆயினும் கப்பலின் கருவிக்குக் காலங்காலமாக வகுக்கப்பட்ட ஓர் ஒழுங்குமுறை உண்டு. சாலை வாகனத்தின் கருவிக்கு அது இன்னும் வாய்க்கவில்லை.

வாகனத்தில் கணிப்பொறி என்பது புதிய எண்ணமன்று. அமெரிக்காவில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 1980-ஆம் ஆண்டிலேயே தன் பொதி வண்டிகளில் செய்தித் திரைகளைப் பொருத்தத் தொடங்கிற்று. இந்தியாவில் இது பரவலாவதற்கு வழிவகுத்தது 112 என்னும் ஒரே அவசர அழைப்பு எண் திட்டமாகும். நிர்பயா நிதியின் கீழ் 321.69 கோடி ரூபாய் ஒப்பளிக்கப்பட்ட இத்திட்டம் 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கிற்று. 2019 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் உள்ளிட்ட 16 மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது.

இம்முறை செயற்படும் விதம் எளியது. அழைப்பு கட்டுப்பாட்டு அறைக்கு வருகிறது. ஒவ்வொரு வாகனமும் எங்கே நிற்கிறது என்பது வரைபடத்தில் தெரிகிறது. அருகிலுள்ள வாகனத்தின் திரைக்குச் செய்தி செல்கிறது. ஏற்றுக்கொண்டதையும் இடத்தை அடைந்ததையும் வாகனத்திலிருப்போர் திரையைத் தொட்டுத் தெரிவிக்கின்றனர். ஆனால் திரை இருண்டுவிட்டால் நேர்வது என்ன? இரு தெரு தள்ளி நிற்கும் வாகனம் வரைபடத்தில் இல்லாமற்போகும். தொலைவிலுள்ள வேறொன்று அனுப்பப்படும். இதனினும் கேடானது, செயலிழந்த கருவி கடைசியாகத் தெரிவித்த இடத்தையே வரைபடம் தொடர்ந்து காட்டுவது. பழுதான கருவி வாளா இருப்பதில்லை. தவறான செய்தியைத் தருகிறது. நெஞ்சுவலியால் துடிப்பவருக்கு அத்தவற்றின் விலை நிமிடங்களில் கணக்கிடப்படும்.

பழுது பெரும்பாலும் கணிப்பொறியில் தோன்றுவதில்லை. அதைச் சுற்றியுள்ள சிறு பொருள்களில்தான் தோன்றுகிறது. முதலாவது மின்சாரம். எஞ்சினை முடுக்கும் கணத்தில் 12 வோல்ட் பேட்டரியின் அழுத்தம் 7, 8 வோல்ட்டுக்கும் கீழே இறங்குவதுண்டு. தளர்ந்த பேட்டரி இணைப்பு ஓடும்போது விட்டுப்போனாலோ, ஆல்டர்னேட்டரிலிருந்து பல பத்து வோல்ட் அளவுக்கு அழுத்தம் திடீரென எழும். இவ்விரண்டையும் தாங்கும் மின்சாரச் சீராக்கி இடையில் இல்லையெனில், எத்தனை விலையுயர்ந்த கணிப்பொறியும் நிலைக்காது. எஞ்சின் நின்றபின் குறித்த நேரத்தில் கருவியைத் தானே அணைக்கும் அமைப்பும் வேண்டும். அது இல்லாவிடில் இரவு முழுதும் கருவி பேட்டரியைக் குடித்துவிடும். காலையில் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அதன் பின் ஓட்டுநர் செய்யும் முதல் வேலை ஃபியூசைப் பிடுங்கி எறிவதே! அவரைக் குறை கூறுவதற்கில்லை.

இரண்டாவது உப்பு. போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல் இது இரு மடங்குக்கும் மேல். ஆகவே கொள்முதல் அலுவலர் ‘ஐ.பி. 65’, ‘ஐ.பி. 67’ என்னும் தரக்குறியீடுகளை நாடுவது இயல்பு. அவற்றின் பொருளைச் சற்று நுணுகி அறிதல் நன்று. முதல் இலக்கம் தூசியைக் குறிக்கும். 6 எனில் தூசி சிறிதும் உட்புகாது. இரண்டாம் இலக்கம் நீரைக் குறிக்கும். 5 என்பது பீய்ச்சும் நீரைத் தாங்குவது, 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருப்பதைத் தாங்குவது. ஆனால் இச்சோதனை நல்ல நீரில் நடத்தப்படுவது. உப்பினால் ஏற்படும் அரிப்பைப் பற்றி அது யாதும் கூறாது. அதற்கு அமெரிக்க இராணுவத் தரமான மில்-எஸ்.டி.டி.-810-இன் 509-ஆம் முறை போன்ற தனிச் சோதனை உண்டு. அதில் 5 விழுக்காட்டு உப்புக் கரைசல் மூடுபனியாகத் தெளிக்கப்படும். அத்தரத்தில் சோதனைகள் பல. ‘இராணுவத் தரம் வாய்ந்தது’ என்று மட்டும் விலைப்புள்ளியில் எழுதப்பட்டிருந்தால், எந்த முறைப்படி என்று கேட்பது அலுவலரின் கடமை.

கணிப்பொறியின் உறை உப்பை வென்றாலும், கூரை மீதுள்ள ஆன்டெனாவின் அடிப்பகுதி வெல்வதில்லை. செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்புநீர் படிந்தால் அரிப்பு விரைந்து நிகழும். ரப்பர் வளையம், கிரீஸ், கேபிளின் உறை ஆகிய அற்பப் பொருள்களே அங்குக் காவல். பொருத்துச் சட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும் கூறலாம்: அது காற்றுப்பை விரியும் வழியில் இருக்கலாகாது.

தகவல் தொடர்பு தீவுகளுக்கே உரிய மற்றொரு இடர். 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட சென்னை - அந்தமான் கடலடிக் கேபிள், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ளது. தீவுகளின் செய்திப் போக்குவரத்தைப் பெரிதும் விரைவுபடுத்தியது. எனினும் கேபிள் கரையோடு நின்றுவிடுகிறது. வாகனத்துக்கு வேண்டியது கோபுரம். ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தினூடே வாகனங்கள் தொடரணியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் கோபுரங்களை நிறைத்துவிட இயலாது, நிறைப்பதும் முறையன்று. ஆகவே தொடர்பு அற்ற இடத்திலும் வரைபடத்தைக் காட்டி, செய்திகளைச் சேமித்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்பவல்ல மென்பொருள் தேவை. பழைய வி.எச்.எஃப். வானொலியைக் கழற்றிவிடாமல் இருப்பதும் விவேகம்.

இவையனைத்தும் பொறியாளர்கள் அறிந்தவையே. பின் ஏன் விடுபடுகின்றன? காரணம் வரவு-செலவுத் திட்டத்தின் அமைப்பில் உள்ளது. கணிப்பொறி மூலதனச் செலவு; ஒருமுறை ஒப்புதல் பெற்றால் போதும்; தொடக்க விழாவும் உண்டு. ஆன்டெனா கேபிளோ வருவாய்ச் செலவு. ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டும். சிக்கன நடவடிக்கை வரும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவே. திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பாகுபாடு 2017-18-இல் நீக்கப்பட்டது. ஆயினும் புதியதைப் படைப்பது வளர்ச்சி, உள்ளதைக் காப்பது வெறும் செலவு என்ற மனப்போக்கு அதனுடன் நீங்கிவிடவில்லை.

இங்கேதான் ஃபீனிக்ஸ் பேயின் கப்பல்களை நோக்க வேண்டும். உலகளாவிய கடல் இடர்ச் செய்தி முறை 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சர்வதேசப் பயணக் கப்பல்களுக்கான அவ்விதிகள், இன்னின்ன கருவிகள் இருக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அவை எப்போதும் இயங்கும் நிலையில் இருப்பதற்கு மூன்று வழிகளைக் கூறின: கருவியை இரட்டையாக வைத்தல், கரையில் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்தல், கடலிலேயே பழுது பார்க்கும் திறன் பெற்றிருத்தல். கரைக்கு அருகே செல்லும் கப்பலுக்கு இவற்றுள் ஒன்று போதும். தொலைகடல் செல்வதற்கு இரண்டு கட்டாயம். பராமரிப்பு இங்கே சட்டத்தின் பகுதி. எவருடைய கருணைக்கும் விடப்பட்டதன்று.

இதைச் சாலை வாகனத்துக்குப் பொருத்திப் பார்க்க ஒரு கற்பனைக் கணக்கு உதவும். ஒரு துறையில் 20 வாகனங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் கருவியும் ஆண்டுக்கு ஒருமுறை பழுதாகிறது எனக் கொள்க. பழுதான கருவி சுமார் 1,370 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு அனுப்பப்பட்டுத் திரும்ப 45 நாள் ஆனால், 20-ஐ 45-ஆல் பெருக்கி 365-ஆல் வகுக்க, எந்நாளிலும் சராசரியாக இரண்டரைக் கருவிகள் செயலற்றிருக்கும். மழைக்காலத்தில் பழுதுகள் ஒருங்கே வருமாதலால், நான்கைந்து மாற்றுக் கருவிகளேனும் கையிருப்பில் வேண்டும். அதே பழுதை உள்ளூரில் 10 நாளில் நீக்கினால் சராசரி அரைக் கருவியாகக் குறையும். இரண்டு மாற்றுக் கருவிகளே பெரும்பாலும் போதும். மிஞ்சும் தொகையைக் கொண்டு உள்ளூரில் ஒரு தொழில்நுட்பருக்கு எத்தனை மாதம் ஊதியம் தரலாம் என்பதை மாணவர்கள் அவ்வப்போதைய விலையை இட்டுத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அத்தொழில்நுட்பருக்கு வேண்டிய கைத்திறன் அயலூரில் இல்லை. கப்பல் மின்னணுக் கருவிகளைக் கையாண்டு பழகியோர் ஃபீனிக்ஸ் பேயிலேயே உள்ளனர். பஹர்காவ்ன் பகுதியில் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்விக்கூடம் உள்ளது. காவல், மருத்துவம், மின்சாரம் ஆகிய துறைகள் தத்தமக்கெனத் தனித்தனி ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு மாறாக, எல்லா வாகனங்களுக்கும் ஒரே வகைக் கனெக்டரும் ஒரே வகைச் சட்டமும் வகுத்துக்கொண்டு, பொதுவான ஒரு பழுதுபார்க்கும் கூடத்தை அமைப்பது சாலச் சிறந்தது. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு வாகனத்தின் கூரையிலும் ஏறி, ஆன்டெனாவின் அடிப்பகுதியைக் கழற்றி, பச்சை படிந்த செம்பைத் துடைத்து, புதிய வளையம் இட்டு மூடி, தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதுவது அக்கூடத்தின் முதல் ஆண்டுப் பணியாக அமையலாம்.