மாத்தளை ஏற்றத்தில் சைக்கிளும் காரும்

வேலைக்குச் சைக்கிளில் போவதா, காரில் போவதா என்ற கேள்விக்கு மாத்தளை மாவட்டத்தில் முதலில் பதில் சொல்வது நிலத்தின் சரிவு. பணப்பை அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்த மாவட்டத்துக்கு இரண்டு முகங்கள். வடக்கே தம்புள்ளை, கலேவெலைப் பக்கம் குளமும் வயலுமாகத் தரை படுத்துக் கிடக்கிறது. தெற்கிலும் கிழக்கிலும் ரத்தோட்டை, எல்கடுவை, ரிவஸ்டன் என்று போகப் போக நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. நடுவே, கடல் மட்டத்திலிருந்து 360 மீற்றருக்குச் சற்று மேலே, மாத்தளை நகரம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி இந்த நகரத்தின் நெஞ்சின் மேல் ஏறித்தான் வடக்கே இறங்குகிறது. தம்புள்ளையில் சைக்கிளை வாழ்த்திப் பேசினால் கைதட்டல் விழும். அதே பேச்சை எல்கடுவையில் பேசினால், "ஐயா ஒரு தடவை மிதித்துக் காட்டட்டும்" என்ற குரல் எழும். அந்தக் குரல் நியாயமானது.

ஏற்றம் என்ன கேட்கிறது என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். 60 கிலோ ஆளும் 20 கிலோ இரும்புச் சைக்கிளும் சேர்ந்தால் 80 கிலோ. சாதாரண உடல்வாகுள்ள ஒருவர் மூச்சிரைக்காமல் நெடுநேரம் தரக்கூடிய வலு சுமார் 75 வாட். சமதரையில் அந்த வலுவே மணிக்கு 15, 16 கிலோமீற்றர் ஓடப் போதும். 100 மீற்றருக்கு 8 மீற்றர் உயரும் சரிவில் அதே வலு மணிக்கு 4 கிலோமீற்றரைத்தான் தாண்டும். நடந்து போகிறவர் சைக்கிள்காரரை முந்திவிடுவார். அதனால்தான் மலைநாட்டில் சைக்கிள் வைத்திருப்பவர் பாதி வழி அதைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். அது சோம்பல் அல்ல, பௌதிகம். கியர் பூட்டினால் மிதி இலகுவாகும். மேலே போய்ச் சேர வேண்டிய மொத்த உழைப்பில் மட்டும் ஒரு துளியும் குறையாது.

காருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அது ஏறுவதும் இலவசமாக அல்ல. ஒரு தொன் எடையுள்ள சிறிய காரில் தனியாக ஒருவர் பலகடுவைக் கணவாயைத் தாண்டிக் கண்டிக்கு வேலைக்குப் போகிறார் என்றால், ஏற்றத்துக்குச் செலவாகும் உழைப்பில் பதினெட்டில் பதினேழு பங்கு காரைத் தூக்கவே போய்விடுகிறது. மீதி ஒரு பங்குதான் ஆளுக்கு. 1973இல் எஸ். எஸ். வில்சன் என்ற ஒக்ஸ்ஃபோர்ட் பொறியியலாளர் மிருகங்களையும் இயந்திரங்களையும் வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கிராம் எடையையும் ஒரு கிலோமீற்றர் நகர்த்த ஆகும் சக்தியில், சைக்கிளில் ஏறிய மனிதனே எல்லாவற்றையும் விடச் சிக்கனம் என்று கண்டார். குதிரை தோற்றது, சால்மன் மீன் தோற்றது, ஜெட் விமானமும் தோற்றது. சமதரையில் அளந்த கணக்கு அது. ரத்தோட்டை வீதியில் அளந்திருந்தால் வில்சனும் இறங்கித் தள்ளியிருப்பார்.

இந்தக் கணக்கெல்லாம் ஏட்டில் இருந்ததை வீதிக்கு இறக்கியது 2022. அந்த ஆண்டு பிறந்தபோது ஒரு லீட்டர் 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபாய். மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் கடைசியில் 470. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாய். இரண்டு லீட்டர் வாங்கினால் கூலியில் மிச்சம் 60 ரூபாய். வாங்குவதற்கு எண்ணெய் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற அறிவிப்பு வந்தது. பெற்றோல் செட்டுகளின் முன்னால் இரவும் பகலும் போலிம், அதாவது வரிசை. போலிமில் நின்றபடியே உயிரை விட்டவர்களும் இந்த நாட்டில் உண்டு. ஜூலையில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தது: வாரத்துக்குக் காருக்கு 20 லீட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4.

சைக்கிளுக்குக் கியூஆர் கிடையாது, போலிம் கிடையாது. வீட்டுப் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த பழைய ரலி, லுமாலா சைக்கிள்கள் வெளியே வந்தன. செயினுக்கு எண்ணெய் பட்டது, டயருக்குக் காற்று ஏறியது. சைக்கிள் திருத்தும் கடைக்காரருக்குத் திடீரென்று வைத்தியருக்குரிய மரியாதை கிடைத்தது. புதுச் சைக்கிளின் விலை தாறுமாறாக ஏறியது. தம்புள்ளையில் 1999இல் திறக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்தைச் சுற்றிய சமதரைக் கிராமங்களுக்கு இது கைகொடுத்த மாற்றம். சந்தைக்குப் போகிறவர், கடையில் நிற்கிறவர், பாடசாலை ஆசிரியர் யாராக இருந்தாலும் ஐந்தாறு கிலோமீற்றர் என்றால் அரை மணிக்குள் முடிந்தது. யாழ்ப்பாணத்தார் இதைக் கண்டு சிரித்திருப்பார்கள். 1990களின் பொருளாதாரத் தடையில் விறகும் நெல்லும் நோயாளியும் ஏன் மணப்பெண்ணும்கூடச் சைக்கிளிலேயே போன ஊர் அது. கார் வைத்திருந்தவர் மண்ணெண்ணெயில் அதை இருமவைத்து ஓட்டிய ஊர்.

அதே 2022இல் சில பிரமுகர்களுக்கும் சைக்கிள் ஞாபகம் வந்தது. பெயர் தேவையில்லை, ஊருக்கே தெரியும். ஜீப்பை விட்டு இறங்கி, வெள்ளைச் சட்டையின் கையை மடித்து, நூறு மீற்றர் மிதித்து, படம் பிடித்து முடிந்ததும் பின்னாலேயே எஞ்சின் அணையாமல் வந்த அதே ஜீப்பில் ஏறிய சிக்கன வீரர்கள் அவர்கள். சைக்கிள் மிச்சப்படுத்திய எண்ணெயை ஜீப் குடித்தது. அந்தப் படத்தில் இருந்த சைக்கிள் இரவல் என்றும் அந்தக் காலத்தில் ஊரில் பேச்சு. சமதரையாகப் பார்த்துத்தான் மிதித்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். மலைப்பக்கம் வந்து மிதிக்க ஒருவரும் முன்வரவில்லை. அவர்களை விட்டுவிட்டுக் கணக்குக்குத் திரும்புவது நல்லது. ஆனால் அவர்கள் லேசில் விடுகிறவர்களும் அல்லர், தேர்தலுக்குத் தேர்தல் திரும்பி வருகிறவர்கள்.

காரின் செலவு பெற்றோலோடு நிற்பதில்லை. ஒரு வழிக்கு 5 கிலோமீற்றர் தூரத்தில் வேலை, லீட்டருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் என்று வைத்தால், 470 ரூபாய் விலையில் ஒரு நாள் போய்வர 390 ரூபாய்க்கு மேல். அதற்கு மேல் லீசிங், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், டயர், மெக்கானிக். ஆஸ்திரியாவில் பிறந்த சிந்தனையாளர் இவான் இலிச் 1970களில் அமெரிக்கரை வைத்து ஒரு கணக்குப் போட்டார். காரை ஓட்டும் நேரம், நிறுத்தும் நேரம், காருக்காகச் சம்பாதிக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 1,600 மணித்தியாலம். ஓடிய தூரம் 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 5 மைலுக்கும் குறைவு. மாத்தளையில் லீசிங் தவணை கட்டுகிறவர் இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தால் அன்றிரவு தூக்கம் வராது. சைக்கிளுக்கு டியூப் ஒட்ட வேண்டும், பிரேக் கட்டை மாற்ற வேண்டும். மிச்சச் செலவு ஒரு கிண்ணம் சோறு.

இருந்தும் ஒன்றைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. வீதி இருந்தால்தானே சைக்கிளா காரா என்ற தெரிவே வரும். மலைத் தோட்டங்களில் வீதி யாருக்காக வெட்டப்பட்டது? துரையின் பங்களாவுக்கு ஒன்று. கொழுந்து லொறி தொழிற்சாலைக்குப் போக ஒன்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கிடைத்தது படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும். வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் போகும் பெண் விடியலில் நடந்துதான் போனாள், இன்றும் நடந்துதான் போகிறாள். அவளுக்கு முன்னால் காரும் இல்லை, சைக்கிளும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனிதரை நினைக்க வேண்டியிருக்கிறது. அவருக்குப் பெயர் வேண்டாம், அவரைப் போல எத்தனையோ பேர். கரியரில் தபால் பையைக் கட்டிக்கொண்டு ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளியும் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியும் வரும் தபால்காரர். சைக்கிள் மிதிப்பதையே வேலையாகக் கொண்டவர் அவர். மழை என்று நின்றதில்லை, பெற்றோலுக்காகவும் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய சைக்கிள் தோட்டத்தில் எங்கே நின்றது? பல இடங்களில் தோட்டக் காரியாலயத்தோடு நின்றுவிட்டது. லயத்து வீட்டுக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி, தோட்டத்தின் பெயர். கடிதம் காரியாலயத்தில் தங்கி, கைமாறி, நாள் கடந்து வரும். நேர்முகப் பரீட்சை முடிந்தபின் அழைப்புக் கடிதம் கண்ட பிள்ளைகள் மலையகத்தில் கொஞ்சநஞ்சமல்ல. பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்துக்கும் அதே கதி நேர்ந்ததுண்டு. தபால்காரர் குற்றம் செய்யவில்லை. அவர் மிதித்து வரத் தயாராக இருந்தார், வருவதற்கு முகவரிதான் இல்லை.

நடந்தே வந்தவர்களின் மாவட்டம் இது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, அந்த வழியை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையகம் 200 நடைபயணம் நடந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இலேயே புகையிரதம் வந்துவிட்டது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கோப்பிக்கு ரயில் வந்தது, கோப்பி பறித்தவருக்குப் பாதை வரவில்லை. அந்த ரயில் பாதை மட்டும் இன்று நன்மை செய்கிறது. உக்குவளை, வத்துகாமம், கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்கு வேலைக்குப் போகிறவர் பலகடுவையை மிதிக்கவும் வேண்டாம், காரில் ஏறவும் வேண்டாம். வீட்டிலிருந்து நிலையம் வரை சைக்கிள், அதற்கு மேல் ரயில்.

பெண்களின் பக்கம் பார்த்தால் ஒப்பீடு இன்னும் கூர்மையாகிறது. மலையகத்தார் பலரின் பூர்வீகமான புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். 1992 பெண்கள் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள், பெண்கள் மணியை அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கல்குவாரிக் கூலிப் பெண்ணும் கிராமத்துத் தாதியும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதை நிறுத்தினார்கள். காரால் இதைச் செய்ய முடியாது, கூலிக்காரியின் கைக்கு எட்டும் விலையில் கார் இல்லை. மாத்தளையின் சமதரைப் பள்ளி மாணவிக்கும் இதே கதவு திறந்திருக்கிறது.

சைக்கிளுக்கு ஆபத்து இல்லை என்று சொன்னால் அது பொய். இலங்கை வீதிகளில் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். ஏ9இல் போட்டி போட்டு முந்தும் பஸ்ஸுக்குச் சைக்கிள்காரர் கண்ணில் படுவதில்லை. மாத்தளை நகரத்துக்குள் அவருக்கென்று ஒதுக்கிய தடமும் இல்லை. இன்னொரு பக்கம், 2017இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து, சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களிடையே மரண அபாயம் 41 சதவீதம் குறைவு என்று கண்டது. உடம்பு வாழவைக்கப் பார்க்கிறது, வீதி சாகடிக்கப் பார்க்கிறது. நெதர்லாந்து 1973 எண்ணெய் நெருக்கடியில் நவம்பர் 4 முதல் கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டுவந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் சைக்கிள் பாதைகளைப் போட்டு மூலைக்கு மூலை நீட்டியது. இங்கே 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை நின்றது, 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதிக்கு மறுபடி கதவு திறந்தது, சைக்கிள் மறுபடி வீட்டின் பின்பக்கம் போனது.

காருக்குரிய இடமும் இந்த மாவட்டத்தில் உண்டு. நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளுக்கும் நெஞ்சு வலி கண்டவருக்கும் சைக்கிள் உதவாது. தோட்டத்து நோயாளி கொழுந்து லொறியில் ஏற்றப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வருகிறது. ஒற்றையடிப் பாதையில் மட்டும் அதற்கும் ஏற முடியாது. ஆகவே மலையில் லயம் வரை வாகனம் போகும் வீதியும் வீட்டுக்கு இலக்கமும் வேண்டும். சமதரையில் ஏ9 ஓரமாகச் சைக்கிளுக்கு ஒன்றரை மீற்றர் தடம் வேண்டும். நகரத்தில் மாத்தளை, உக்குவளை நிலையங்களில் சைக்கிளைப் பூட்டிவைக்கக் கூரையுள்ள இடம் வேண்டும். பிரதேச சபையின் பாதீட்டில் எழுதக்கூடிய வேலைகளும் மாகாண சபை, மத்திய அரசு செய்ய வேண்டிய வேலைகளும் இதில் கலந்திருக்கின்றன. கூரை போடுவது அவற்றில் மிக மலிவானது, அடுத்த ஆண்டே செய்து முடிக்கக்கூடியது.