கணக்கு நோட்டும் கோவில் வாசலும்

(யூபிலி முந்நாள் தியானத்தின் இரண்டாம் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி விழா நெருங்கிவிட்டது. கோவிலுக்கு வெள்ளையடித்தாயிற்று, கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாயிற்று, நாளை தேர்ச் சோடனை தொடங்கும். நேற்று மாலை நன்றியறிதலைப் பற்றித் தியானித்தோம். இன்று நம் விசுவாசத்தின் அடித்தளமான ஒரு சத்தியத்தைப் பற்றிச் சிந்திப்போம். மனிதன் மீட்புப் பெறுவது எதனால்? தன் நற்செயல்களுக்குக் கிடைக்கும் கூலியாகவா? அல்லது, விசுவாசத்தோடு ஏற்றுக்கொள்ளும் இறைவனின் இலவச அருளாலா?

விழாக் குழுவினர் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் தொகை. பொதுப்பணத்துக்குக் கணக்கு எழுதத்தான் வேண்டும், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த நோட்டு மெல்ல மெல்ல நம் உள்ளத்துக்குள்ளும் புகுந்துவிடுகிறது. இத்தனை நவநாள், இத்தனை திருயாத்திரை, இத்தனை காணிக்கை என்று ஒரு பக்கம். இத்தனை பாவம் என்று மறுபக்கம். இறைவனை மளிகைக் கடைக்காரராக்கி, நாம் பற்று வரவு பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

இந்த நோட்டு நம்மிடமும் இருந்தது. அதனால் விளைந்த ஒரு தவறை இன்று உங்கள் முன் சொல்லத்தான் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தோம். அங்கே ஒரு பெரியவர். மில் வேலை போனபின் குடிக்கு அடிமையானவர். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார். ஆனால் கோவிலுக்குள் வரமாட்டார். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். எழுந்தேற்றத்துக்கு மணி அடித்ததும் மண்ணிலேயே முழந்தாளிடுவார். ஒரு நாள் ஏன் என்று கேட்டோம். "உள்ளார வர்றக்கு நம்முளுக்கு யோக்கியதை இல்லீங்க சாமி. சந்தாவும் பாக்கி கெடக்குது. இந்தக் கருமத்தை உட்டுப்போட்டு வர்றனுங்க" என்றார்.

நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? குரு மடத்தில் எட்டாண்டு படித்தவர் நாம். ஆயினும், நல்லது, திருந்திவிட்டு வாருங்கள் என்று சொல்லி, நல்ல புத்திமதி சொன்ன திருப்தியோடு அறைக்குப் போய்விட்டோம். அடுத்த ஞாயிறு வேப்பமரத்தடி காலியாக இருந்தது. அதன்பின் இரண்டாண்டுகள் அவரைக் கோவில் பக்கமே காணவில்லை.

பிறகு அவருடைய பேத்திக்கு ஞானஸ்நானம். ஞானஸ்நானச் சடங்கு பீடத்தருகில் தொடங்குவதில்லை. கோவில் வாசலில்தான் தொடங்குகிறது. குரு வாசலுக்கு வந்து குழந்தையை வரவேற்க வேண்டும். அப்படி வரவேற்க வந்தபோது கூட்டத்தின் பின்னால் அவர் நிற்பதைக் கண்டோம். குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்தோம். எல்லோரும் உள்ளே போனார்கள். அவர் வாசற்படிக்கு அப்பாலேயே நின்றுவிட்டார்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலையில் தண்ணீர் பட்டதும் ஒரு முறை சிணுங்கிவிட்டு மறுபடியும் தூங்கிப்போயிற்று. ஞானஸ்நானம் இலவசக் கொடை என்று மக்களுக்கு விளக்கத் தொடங்கினோம். இந்தப் பிள்ளை ஒரு செபம் சொன்னதில்லை. ஒரு ஒருசந்தி இருந்ததில்லை. ஒரு காசு காணிக்கை போட்டதில்லை. தாய் தந்தையின் விசுவாசத்தை நம்பித் திருச்சபை இதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. இறைவனும் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருக்கையிலேயே நம் பார்வை வாசலுக்குப் போயிற்று. வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டது. இந்தக் குழந்தையிடம் கேட்காத தகுதியை அந்தப் பெரியவரிடம் மட்டும் ஏன் கேட்டோம்?

சடங்கு முடிந்ததும் வாசலுக்குப் போனோம். அன்று சொன்னது நம் தவறு என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தோம். அந்த வாரமே பாவசங்கீர்த்தனம் செய்தார். குடி அன்றோடு ஒழிந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. பலமுறை விழுந்தார். ஆனால் விழுந்தபோதெல்லாம் வேப்பமரத்தடிக்குத் திரும்பிப் போகவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்ய உள்ளே வந்தார். கடைசி மூன்றாண்டுகள் குடிக்காமல் வாழ்ந்து இறந்தார். அவருடைய சவப்பெட்டியை அதே வாசல் வழியாக உள்ளே தூக்கி வந்தபோது நமக்கு ஒன்று விளங்கிற்று. ஞானஸ்நானத்துக்கும் நம்மைத் தூக்கித்தான் வருகிறார்கள்; அடக்கப் பூசைக்கும் தூக்கித்தான் வருகிறார்கள். இடையில் சில காலம் சொந்தக் காலில் நடப்பதால், எல்லாம் நம் காலின் பலம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

அன்பர்களே, இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த போதனை அன்று. நம் பாட்டிமார் புனித சின்னப்பர் என்றும், இன்றைய பிள்ளைகள் பவுல் என்றும் அழைக்கும் அப்போஸ்தலர், எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதைத்தான் கற்பிக்கிறார். நாம் மீட்கப்பட்டது அருளினால், விசுவாசத்தின் வழியாக. அது நம் செயல்களின் பயன் அன்று, ஆகையால் பெருமை பாராட்ட இடமில்லை என்கிறார். மனிதன் தன் முயற்சியாலேயே புண்ணியனாகிவிடலாம் என்று ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்ற துறவி போதித்தபோது, புனித அகுஸ்தினார் அதை எதிர்த்து எழுதினார். விசுவாசத்தின் தொடக்கம்கூட இறைவனின் கொடையே என்று 529-ஆம் ஆண்டு ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் அறிக்கையிட்டது. திரிதெந்தீன் பொதுச்சங்கமும் 1547 சனவரி 13-இல், நம்மை நீதிமான்களாக்கும் அருளை முன்கூட்டிச் சம்பாதிக்க எவராலும் இயலாது என்று தெளிவாகக் கற்பித்தது.

நம் குடும்பங்கள் பலவற்றில் தென்னிந்தியத் திருச்சபையினரோடும் லுத்தரன் சபையினரோடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு உண்டு. கல்யாண வீட்டில் யார் போதனை சரி என்று வாதாடிச் சாப்பாடு ஆறிப்போனதும் உண்டு. 1517-இல் மார்ட்டின் லுத்தர் எழுப்பிய விவாதத்தின் நடுவில் இருந்ததும் இந்தச் சத்தியமே. 1999 அக்டோபர் 31-இல், செர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் ஒரு கூட்டு அறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியைப் பார்த்து அன்று, அருளினால் மட்டுமே, கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தில் இறைவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார். தூய ஆவி நம் உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பதே அதன் சாரம். எல்லா வேற்றுமையும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் 2006-இல் உலக மெத்தடிஸ்டு பேரவையும் இதில் சேர்ந்துகொண்டது. ஆகவே அடுத்த கல்யாணத்தில் சாப்பாட்டைச் சூடாகவே சாப்பிடலாம்.

அப்படியானால் நாம் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லையா? இலவசம்தானே என்று வீட்டில் உட்கார்ந்துவிடலாமா? இக்கேள்வியை நம் மண்ணில் மற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். நாம் வாழ்வது அரங்கநாதர் கோவில் உள்ள ஊர். வைணவப் பெரியோர்கள் இதைக் குட்டிகளை வைத்து விளக்குவார்கள். தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல மனிதன் இறைவனைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையார் கொள்கை. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வது போல இறைவனே மனிதனைத் தூக்கிச் செல்கிறார் என்பது தென்கலையார் கொள்கை. நாமோ தாயின் இடுப்பிலுள்ள குழந்தையைப் பார்ப்போம். தாயின் கைதான் அதைத் தாங்குகிறது. குழந்தையும் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. ஆனால் கட்டிக்கொள்ளும் அந்தப் பிஞ்சுக் கைக்குப் பலம் எங்கிருந்து வந்தது? அவள் கொடுத்த பாலிலிருந்து அன்றோ? நம் விசுவாசம் அந்தக் கையைப் போன்றது. அது உண்மையிலேயே நம் கைதான். ஆனால் அதன் பலம் அவர் தந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போயிருக்கிறீர்கள். 1899-ஆம் ஆண்டு முதல் குன்னூருக்கு ஓடுகிற வண்டி. கல்லாறு தாண்டியதும் பல் வைத்த தண்டவாளம் வருகிறது, செங்குத்தான ஏற்றம். முன் பெட்டியில் உட்கார்ந்தவருக்கு எதிரே மலையும் பாலமும் குகையும்தான் தெரியும், எஞ்சின் தெரியாது. ஏனெனில் ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. பெட்டி தானாகவே ஏறுகிறது என்று குழந்தைகள் நினைக்கும். அருளும் அப்படித்தான், நம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து தள்ளுகிறது. பயணிக்கு உள்ள கடமை, நம்பி ஏறி உட்காருவதும் நடுவழியில் இறங்காதிருப்பதுமே. அதுதான் விசுவாசம்.

நற்செயல்களுக்கு இடம் எங்கே? நம் காரமடை விவசாயிகளைக் கேளுங்கள். கறிவேப்பிலைத் தோட்டத்தில் ஒருமுறை நட்ட செடி பல ஆண்டுகள் நின்று, அறுக்க அறுக்கத் தழைக்கிறது. தழை வந்துதான் வேர் உண்டாயிற்று என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். வேர் ஊன்றியதால் தழை வந்தது. ஆனால் தழையே வராத செடியைக் கண்டால் வேரில் என்ன கோளாறு என்று உடனே தோண்டிப் பார்ப்பார். செயலற்ற விசுவாசம் செத்தது என்று புனித யாகப்பர் எச்சரிப்பதும் இதைத்தான். தர்மம் செய்வது மோட்சத்தை விலைக்கு வாங்க அன்று. இலவசமாகப் பெற்றவன் கை மூடியிருக்க முடியாது என்பதால்.

நம் மறைமாவட்டத்தின் வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1846 அக்டோபர் 4-இல் கருமத்தம்பட்டியில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக். இந்நாட்டுப் பிள்ளைகளையே குருக்களாக உருவாக்க வேண்டும் என்பது அவருடைய பேராவல். ஆனால் பல கருத்து வேறுபாடுகளால் மனம் நொந்து, பதவியைத் துறந்து இங்கிருந்து போனார். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபோதக சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் இறங்கினார். ஆறு வாரத்தில், சூன் 25-இல், கொள்ளை நோயால் இறந்தார். கணக்கு நோட்டில் எழுதினால் நட்டம் என்றுதான் எழுத வேண்டும். இறைவன் அந்த நோட்டைப் பார்க்கவில்லை. அவருடைய சபை இன்றும் ஆப்பிரிக்காவில் பணிபுரிகிறது. அவர் கனவு கண்டபடி இம்மண்ணின் மைந்தர்களே இங்கு பீடத்தில் நிற்கிறோம். 2020-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

முடிவாக ஒன்று. கோவில் வாசலுக்கு வெளியே இரண்டு வகையினர் நிற்கிறார்கள். தன் கணக்கில் ஒன்றுமில்லை என்று வெட்கி நிற்பவர் ஒருவர். ஊதாரிப் பிள்ளை உவமையில் வரும் மூத்த மகனைப் போல, என் கணக்கில் இவ்வளவு இருக்கிறதே, எனக்கு என்ன செய்தாய் என்று கோபித்து நிற்பவர் மற்றவர். இருவரையும் வெளியே நிறுத்துவது அதே நோட்டுத்தான். தந்தையோ இருவருக்காகவும் வெளியே வந்தார்.

ஆகையால் இந்த யூபிலியில் நாம் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறோம். சந்தா பாக்கியுள்ளவர்களின் பட்டியலைப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள், ஒட்டமாட்டோம். விழா மலரில் நன்கொடையாளர் பெயர்கள் அகர வரிசையில் வரும், தொகை வராது. இதில் யாருக்காவது வருத்தமிருந்தால் எம்மிடம் நேரில் சொல்லுங்கள். உங்கள் தெருவில் கோவிலுக்கு வராமல் நின்றுபோனவர் ஒருவராவது இருப்பார். திருந்தி வா என்று சொல்லாதீர்கள். வா என்று மட்டும் சொல்லுங்கள். கூடவே வந்து பக்கத்தில் உட்காருங்கள். திருத்துகிற வேலையை இறைவன் பார்த்துக்கொள்வார்.

பழைய மங்கள வார்த்தைச் செபத்தில், இன்று நாம் அருள் என்று சொல்லுமிடத்தில், நம் முன்னோர் பிரியதத்தம் என்று சொன்னார்கள். பிரியமாய்க் கொடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். விலைக்கு வாங்கியது அன்று, கடனுக்குப் பெற்றதும் அன்று. அந்த ஒரு சொல்லை இன்றிரவு வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். தேவதாய் நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.